நாய்க்கு விடியல், பிள்ளைகளுக்கு மாலை

திருகோணமலை டச் பே கடற்கரைக்கு மாலை நாலரைக்குப் பிறகு நாயைக் கொண்டு போகக்கூடாது என்பது என் கட்சி. இது சட்டம் அல்ல. என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவும் இல்லை. நாயைக் கண்டாலே ஆகாதவள் ஒருத்தி எழுதுகிறாள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஜிம்மி இருக்கிறான். பாதி லெப்ரடோர், பாதி உவர்மலை ஊர் நாய். சாப்பாட்டில் லெப்ரடோர், சண்டித்தனத்தில் ஊர் நாய். கடல் என்றால் அவனுக்கு உயிர். அதனால் நாயைக் கடற்கரைக்குக் கொண்டு போகலாமா கூடாதா என்பதல்ல என் பேச்சு. எந்த நேரம் கொண்டு போவது, எந்த இடத்தில் அவிழ்த்து விடுவது, எதிரே வருகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பதுதான்.

ஏன் மாலை கூடாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம்முடையது கிழக்குக் கரை. கொழும்புக்காரர் காலிமுகத்திடலுக்குப் போவது சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க. நமக்குச் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும். நாலு மணி தாண்டினால் வெயில் முதுகுப் பக்கம் போய், மணல் ஆறத் தொடங்கிவிடும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பகல் முழுக்க ஊர் வெந்து கிடக்கும். மாலையில்தான் மூச்சு விடலாம். அதே மாதங்களில்தான் கடலும் அமைதியாக இருக்கும். பிரெட்றிக் கோட்டைக்குக் கீழே வளைந்து கிடக்கிற டச் பேயில் அலை பெரிதாக எழும்பாது என்பதால் நடக்கப் பழகுகிற பிள்ளையைக்கூடத் துணிந்து காலை நனைக்க விடுவார்கள். பாய் விரிக்கிறவர்கள், வடை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், மணலில் கோவில் கட்டுகிற பிள்ளைகள், பந்து அடிக்கிற பெடியள், முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடத்துக்குப் பதிலாகக் கடல் நீரில் நிற்கிற அம்மம்மாமார். காசு கொடுக்காமல் ஒரு குடும்பம் முழுவதும் ஒன்றாக இருக்கக்கூடிய இடம் இந்த ஊரில் வேறு எத்தனை இருக்கிறது? வீட்டில் முற்றம் இல்லாத குடும்பத்துக்கு இந்த இரண்டு மணித்தியாலம்தான் முற்றம்.

அந்தக் கூட்டத்துக்குள் நாயைக் கொண்டு போனால் நாய்க்கும் சுகம் இல்லை. நாலு பக்கமும் கத்தல், ஓட்டம், பந்து, பொரியல் வாசனை. எந்த நாய்க்கும் தலை சுற்றும். விடியற்காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். கரை வெறுமையாகக் கிடக்கும். நடைப்பயிற்சிக்கு வருகிற சிலர், படகு இழுக்கிறவர்கள், அவ்வளவுதான். மணல் குளிர்ந்திருக்கும். நாய் தன் பாட்டில் ஓடும். ஆறரை ஏழு மணிக்குச் சூரியன் கடலுக்கு மேலே ஏறி நேரே முகத்தில் அடிக்கத் தொடங்கும்போது வீட்டுக்குத் திரும்பிவிடலாம். நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பத்து மணி மணலில் அதை நடத்துகிறவர்கள் ஒரு தரம் தங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்க்கட்டும்.

நாய் வளர்க்கிற எங்கள் ஆட்களிடம் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. எதிரே வருகிற பிள்ளை நாயைக் கண்டு தாயின் பின்னால் ஒளியும். நாங்கள் நாயை இழுத்துப் பிடிக்க மாட்டோம். சிரித்துக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ, அது ஒண்டும் செய்யாது" என்போம். அந்தத் தாய்க்கு இது எந்த வகையிலும் பதில் இல்லை. உங்கள் நாய் நல்ல நாயா கெட்ட நாயா என்று அவர் விசாரிக்கவில்லை. அது தன் பிள்ளைக்குக் கிட்ட வராமல் இருக்குமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். நாயின் குணம் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். அவருக்கு அது இப்போதுதான் எதிரே வந்த ஒரு மிருகம். பெரியவர்களுக்கு முழங்கால் உயரத்தில் நிற்கிற நாய், நாலு வயதுப் பிள்ளைக்கு முகத்துக்கு நேரே நிற்கும். விளையாட்டுக்கு மேலே பாய்ந்தாலும் பிள்ளை விழும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, விசர் பிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் மிருகங்களிடம் கடிபடுகிறவர்களில் 40 வீதம் பேர் 15 வயதுக்குக் குறைந்தவர்கள். இதைத் தெரிந்த தாய் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எனவே ஆள் வருகிறதைக் கண்டால் வாய் பேசத் தேவையில்லை, கை பேசினால் போதும். சங்கிலியைக் குட்டையாகப் பிடித்து, நாயை நம் மறுபக்கத்துக்கு மாற்றி, நாலு அடி விலகி நடப்பது. அதைக் கண்டதும் அந்தத் தாயின் தோள் தளர்வதைப் பார்க்கலாம். சில வேளை அதற்குப் பிறகு பிள்ளையே, "அன்ரி, தொட்டுப் பார்க்கலாமா?" என்று வரும். கேட்டு வருகிற பிள்ளைக்கு ஜிம்மியின் முதுகைக் காட்டுவேன், தலையை அல்ல. முன்பின் தெரியாத கை தலைக்கு மேலே வருவது எந்த நாய்க்கும் பிடிப்பதில்லை.

நம் ஊருக்கென்று இன்னொரு சங்கதி உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திருகோணமலைக் கடற்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மணலில் பாய் விரிக்கிறோம். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபை, அதாவது இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றை, பின்பற்றுகிறவர்கள். அந்த மத்ஹபில் நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். காய்ந்த நாய் காய்ந்த உடுப்பில் உரசிப் போனால் பெரிய விஷயம் இல்லை, ஈரம்தான் விஷயம். கடற்கரையில் காய்ந்த நாய் எங்கே இருக்கிறது? பின்னேர அசர் தொழுகையை முடித்துவிட்டு வந்து, சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்குத் திரும்பிப் போக இருக்கிற குடும்பத்தின் மேல் நனைந்த நாய் ஒன்று வந்து விழுந்தால் அவர்களுடைய மாலை அதோடு முடிந்தது. என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி சொன்னது இது: "எங்கட உம்மாக்கு நாயில கோபம் ஒண்டும் இல்ல. அபாயாவில பட்டா வீட்ட போய்க் கழுவி மாத்தோணும், தொழுகை பிந்திப் போகும். அதான் தள்ளி நிக்கிறவ."

இது தெரியாமல்தான் எங்கள் ஆட்களில் சிலர், அவர்கள் விலகிப் போவதைப் பார்த்து, "நாயைக் கண்டா முகத்தைச் சுழிக்கிறதுகள்" என்று கதைக்கிறார்கள். நமக்கு நாய் வைரவரின் வாகனம். அதற்காக நனைந்த நாயை வைரவர் கோவில் மண்டபத்துக்குள் அவிழ்த்துவிட்டுப் பாருங்கள், ஐயரிடம் என்ன கிடைக்கிறது என்று! எங்கே எது ஆகும், எது ஆகாது என்று நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அவர்களுக்கும் ஒன்று இருக்கிறது.

ஈரம் என்றதும் உதறல் ஞாபகம் வருகிறது. கடலில் இருந்து ஏறிய நாய் உடனே உதறாது. நாலு எட்டு நடந்து, பாய் விரித்திருக்கிறவர்களின் அருகில் வந்து, உழுந்து வடைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் உதறும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. அலை தொடும் இடத்திலேயே சங்கிலியைக் குட்டையாகப் பிடித்து நிறுத்திவிட வேண்டும். அங்கே ஒரு தரம் உதறும். கொஞ்சம் பொறுத்தால் இன்னொரு தரம். அப்புறம் மேலே ஏறலாம். துவாய் ஒன்று கொண்டு போனால் இன்னும் நல்லது. நாய் கடல் தண்ணீரைக் குடித்துவிடாமல் இருக்க வீட்டில் இருந்து ஒரு போத்தல் நல்ல தண்ணீரும் கொண்டு போங்கள். உப்புத் தண்ணீர் வயிற்றுக்குள் போனால் வாந்தி, வயிற்றோட்டம் என்று அன்று முழுக்க அவஸ்தைதான்.

சங்கிலி இல்லாமல் விடலாமா என்று கேட்பார்கள். விடலாம், விடியற்காலையில், கரை வெறுமையாக இருக்கும்போது, கூப்பிட்ட உடனே வருகிற நாய் என்றால். சோதனை சுலபம். கரையில் கிடக்கிற மீன் தலையை முகர்ந்துகொண்டிருக்கும்போது ஒரு தரம் கூப்பிட்டுப் பாருங்கள். விட்டுவிட்டு வந்தால் அது அவிழ்த்து விடக்கூடிய நாய். எங்கள் ஜிம்மி இந்தச் சோதனையில் தேறியதே இல்லை. ஆகவே அவனுக்கு நீளமான நைலோன் கயிறுதான்.

மீன் தலை என்பது சும்மா சொன்ன உதாரணம் இல்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுத்து முடிந்ததும், விலைபோகாத மீன்களைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போவார்கள். அதில் பேத்தை கிடக்கும். ஊதிப்போய்ப் பந்து போலக் கிடக்கும் பேத்தையை நாய்க்கு விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியும். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கிற நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. மனிதரையே கொல்லுகிற நஞ்சு அது. தங்கூசி நூலில் கோத்தபடி கிடக்கும் தூண்டில் முள் இன்னொரு தொல்லை. நாயின் பாதத்திலும் ஏறும், பிள்ளையின் பாதத்திலும் ஏறும்.

கரைவலைக்காரருக்கும் நம்மால் தொல்லை கொடுக்கக்கூடாது. கரையில் விரித்துக் கிடக்கிற வலை நமக்குக் குப்பை மாதிரித் தெரியலாம், அது ஒரு சம்மாட்டியின் முதல். நாய் அதில் காலைத் தூக்கினால் அவர் வாயில் வருவதைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். கருவாடு காய்கிற இடத்துக்குக் கிட்டவும் போகக்கூடாது. வலை இழுக்கும் நேரம் கயிற்றுக்குக் குறுக்கே நாய் பூந்தால் இருபது முப்பது பேரின் வேலை குழம்பும்.

இப்போது கொஞ்சம் அருவருப்பான பகுதி. சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கிறவர்கள் அப்புறம் வாருங்கள்.

நாய் கரைக்குப் போனால் அங்கே வெளிக்கு இருந்துவிட்டுத்தான் வரும். எங்கள் ஆட்கள் காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு, கடல் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சமாதானம் சொல்வார்கள். இழுக்காது. இங்கிலாந்துக் கரைகளில் கடல் பல மீற்றர் உயரத்துக்கு ஏறி இறங்கும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் கரையைக் கழுவிவிட்டுப் போகும். இலங்கையைச் சுற்றி வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. அலை தொடாத மேல் மணலில் கிடப்பது அங்கேயேதான் கிடக்கும். அதை மூடிவைப்பது இன்னும் மோசம், ஏனென்றால் பிள்ளைகள் கடற்கரைக்கு வருவதே மணலைத் தோண்டத்தான்.

அதில் என்ன இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நாயின் குடலில் வாழும் கொளுக்கிப்புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். சூடும் ஈரமும் நிழலும் இருந்தால் ஓரிரு நாளில் முட்டை பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் அந்தப் புழு வெறுங்கால் தோலைத் துளைத்து ஏறத் தயாராகிவிடும். மனிதத் தோலுக்குள் வந்த நாய்ப் புழுவுக்கு வழி தெரியாது. தோலுக்கு அடியிலேயே ஊர்ந்து திரியும். வெளியே பார்த்தால் சிவப்புக் கோடு ஒன்று நாளுக்கு நாள் நெளிந்து நீளும், அரிப்புத் தாங்காது. மாத்திரை எடுத்தால் மாறிவிடும், ஆனால் அதுவரை பிள்ளைக்கு நித்திரை இல்லை. இன்னொரு வகைக் கொளுக்கிப்புழுவை 1911 இல் லூஸ் என்ற ஆய்வாளர் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றில் இருந்து எடுத்து விவரித்தார். அதன் அறிவியல் பெயரிலேயே சிலோன் இருக்கிறது. நாயிலும் பூனையிலும் வாழும் அந்தப் புழு மனிதக் குடலுக்குள்ளும் போய்க் குடியிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது நிழல். நல்ல வெயிலிலும் காய்ந்த மணலிலும் இந்தப் புழுக்கள் தாக்குப்பிடிக்காது. அலை வந்து வந்து போகிற ஈர மணலும் பரவாயில்லை. மரத்துக்குக் கீழே, கவிழ்த்து வைத்த படகின் ஓரத்தில் இருக்கும் ஈரமான நிழல் மணலில்தான் ஆபத்து. நாயும் போவதற்கு அந்த இடத்தைத்தான் தேடும், குடும்பங்கள் பாய் விரிப்பதும் அங்கேதான். நாய்க்காரர் பையில் இரண்டு சொப்பின் பை எப்போதும் இருக்க வேண்டும். அள்ளி, முடிச்சுப் போட்டு, குப்பைத் தொட்டி கிடைக்கும்வரை கையிலேயே கொண்டு போக வேண்டும். தொட்டி கிடைக்காவிட்டால் வீட்டுக்கு. வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாய்க்கு ஒழுங்காகப் பூச்சி மருந்து கொடுத்தால் பாதிப் பிரச்சினை வீட்டிலேயே முடிந்துவிடும். குட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், வளர்ந்த நாய்க்கு மிருக வைத்தியர் சொல்கிற கணக்குப்படி.

விசர்நாய்க்கடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. இந்த நாட்டில் அதற்கான சட்டம் 1893 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901 இல் வந்தது. சட்டம் கிழடு, நோய் இன்னும் கிழடாகவில்லை. அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லலாம். அதே சமயம், உரிய நேரத்தில் ஊசி போட்டால் இவ்வளவு நிச்சயமாகத் தடுக்கக்கூடிய நோயும் வேறு இல்லை. கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கடற்கரையில் குழாயைத் தேடிப் பிடியுங்கள், போத்தல் தண்ணீரானாலும் பரவாயில்லை. மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். கழுவியதும் நேரே ஆஸ்பத்திரி. சின்னக் கீறல்தானே என்று நாளைக்குத் தள்ளக்கூடாது.

நாய்க்காரர் செய்ய வேண்டியதும் இங்கே ஒன்று இருக்கிறது. நாய்க்கு வருடா வருடம் ஊசி போட்ட கார்டைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். கடிபட்டவருக்கு உடனே ஊசி தொடங்குவதா, நாயைக் கண்காணிப்பதா என்று டாக்டர் முடிவெடுக்கும்போது முதலில் கேட்பது, வீட்டு நாயா, ஊசி போட்டதா என்பதைத்தான். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டு மாயமாகக்கூடாது. பேர், விலாசம், கார்டு எல்லாம் கொடுத்து, கூடவே ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் மரியாதை.

சரி, இவ்வளவும் சங்கிலியில் வருகிற நாய்களைப் பற்றி. நம் கடற்கரைகளில் சங்கிலியில் வருகிற நாயை விட ஆளில்லாத நாய்தான் அதிகம் என்று யாரும் சொல்லாமலே தெரியும். 2006 இல் இருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசு கைவிட்டு, தடுப்பூசி, கருத்தடை என்ற வழிக்கு மாறியது. நல்ல மாற்றம்தான். கொல்லச் சொல்லுகிறவர்களோடு எனக்கு எப்போதும் சண்டை. கொன்று காலியான இடத்துக்கு அடுத்த ஊரில் இருந்து ஊசி போடாத நாய் வந்து சேரும், அவ்வளவுதான் பலன். ஆனால் கருத்தடை வேகத்தை விடக் குட்டி போடும் வேகம் அதிகமாக இருக்கும்வரை கரையில் கட்டாக்காலிகள் குறையப் போவதில்லை.

நிலாவெளிக் கரையில் இந்த நாய்களின் வருடம் சுற்றுலாக்காரரின் சீசனோடு ஓடும். சித்திரையில் இருந்து புரட்டாதி வரை ஹோட்டல்களில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். வெள்ளைக்காரர் கொத்து ரொட்டியில் பாதியை நாய்க்குப் போட்டுவிட்டு, பெயரும் வைத்துவிட்டு, பிளேன் ஏறிப் போய்விடுவார்கள். மாரி தொடங்கி, வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்க, ஹோட்டல்கள் வெறுமையாகும்போது, அந்த நாய்களுக்குச் சாப்பாடும் நின்றுவிடும். பசித்த நாய் பிள்ளையின் கையில் இருக்கிற பணிஸைத்தான் பார்க்கும். சோறு வைக்கிறவர்களை நான் குற்றம் சொல்லவில்லை, நானும் வைக்கிறவள்தான். ஆனால் ஆட்கள் இருக்கிற இடத்தில் வைக்க வேண்டாம். ஒரே நேரத்தில், ஒரே மூலையில், படகுகளுக்குப் பின்னால் வையுங்கள். அதோடு நின்றுவிடாமல், தடுப்பூசி போட வருகிற நாளில் அந்த நாய்களைப் பிடித்துக் கொடுக்கவும் நில்லுங்கள். சோறு போடுகிற கைக்குத்தான் அவை அகப்படும்.

கட்டாக்காலிக் கூட்டத்துக்கு நடுவே வீட்டு நாயைக் கொண்டு போவது ஒரு தனிக் கலை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் கரையில் ஒரு துண்டு சொந்தம். இந்தப் படகில் இருந்து அந்தத் தென்னை வரை ஒரு கூட்டம், அதற்கு அப்பால் இன்னொன்று. சங்கிலியில் கட்டிய அந்நிய நாய் எல்லையைத் தாண்டினால் நாலைந்து சேர்ந்து சூழ்ந்துகொள்ளும். அந்தச் சண்டைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் பாய் விரித்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் கல் எடுப்பதில்லை. குடை ஒன்று கொண்டு போவேன். நாய்களுக்கு முன்னால் பட்டென்று விரித்தால் பெரும்பாலும் பின்வாங்கிவிடும். பின்வாங்காவிட்டால் நாங்கள் பின்வாங்குவோம். எந்தத் துண்டு யாருடையது என்று இப்போது ஜிம்மிக்கும் எனக்கும் தெரியும்.

மான்களையும் மறக்கக்கூடாது. பிரெட்றிக் கோட்டைப் புள்ளிமான்கள் கோட்டைக்குள் மட்டும் இருப்பதில்லை. வீதிக்கும் வரும், கரைக்கும் வரும். ஓடுகிற மானைக் கண்ட நாய்க்கு எந்தப் பயிற்சியும் ஞாபகம் இருக்காது. கோட்டைப் பக்கம் நடக்கும்போது கயிறு கையில் இருக்கட்டும். புறாத்தீவுக்கு நாயைப் படகில் ஏற்றுகிற யோசனையே வேண்டாம். 2003 இல் இருந்து அது தேசியப் பூங்கா.

பிள்ளைகளைக் கொண்டு வருகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். "சோறு தின்னாட்டி நாயைக் கூப்பிடுவன்" என்று சொல்லித்தானே பாதிப் பேர் பிள்ளைக்குத் தீத்துகிறோம்? அந்தப் பிள்ளை கடற்கரையில் நாயைக் கண்டதும் வீரிட்டுக் கத்திக்கொண்டு ஓடும். ஓடுகிறதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். அதற்குப் பதிலாகப் பிள்ளைக்கு ஒன்று பழக்கலாம். நாய் வந்தால் ஓடாதே, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நில், அதன் கண்ணைப் பார்க்காதே, நிலத்தைப் பார். அசையாத பிள்ளையை நாய் முகர்ந்து பார்த்துவிட்டு அலுத்துப் போய்விடும். விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்கலாம். என் அக்காவின் பிள்ளைகள் ஜிம்மி வராத நேரத்திலும் இப்படி நிற்பார்கள், அக்காவிடம் ஏச்சு வாங்குகிற வேளைகளில்.

படுத்திருக்கிற நாயைக் கிண்டக்கூடாது. குட்டிகளோடு இருக்கிற தாய் நாய்க்குக் கிட்டவே போகக்கூடாது. தின்கிற நாயிடம் கை நீட்டக்கூடாது. வாலை ஆட்டினால் சிநேகம் என்று நினைப்பதும் பிழை. வால் விறைத்து உயர்ந்து, நுனி மட்டும் ஆடினால் அது வேறு கதை. உடம்பு இறுகி, வாய் மூடி, முதுகு மயிர் எழும்பி நிற்கிற நாயிடம் இருந்து மெதுவாகப் பக்கவாட்டில் விலகுங்கள். கல் எறிகிற பெரியவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். எறிகிறவர் வீட்டுக்குப் போய்விடுவார். எறி வாங்கிய நாய் கையை உயர்த்துகிற அடுத்த ஆளைப் பார்த்துப் பல்லைக் காட்டும், அது பந்து எறிகிற பிள்ளையாகவும் இருக்கலாம்.

இங்கிலாந்தில் இருக்கிற என் மச்சான் ஒவ்வொரு முறை வரும்போதும், அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லுவார். அங்கே கூட்டம் கூடுகிற பல கடற்கரைகளில் மே முதல் செப்டெம்பர் வரை நாய்க்குத் தடை. பலகை இருக்கும், மீறினால் தண்டம். மாரியில் நாய்கள் தாராளமாக ஓடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே அதை அப்படியே கொண்டு வந்தால் பலகையை வாசிக்கிற நாய்க்காரர் நாலு பேர் வீட்டில் இருப்பார்கள், வாசிக்கத் தெரியாத நாற்பது கட்டாக்காலிகள் கரையில் இருக்கும். அதோடு நமக்குப் பருவத்தை விட நாளின் நேரம்தான் பொருந்தும். வருடத்தில் எந்த மாதமும் விடியற்காலையில் கரையில் இடம் இருக்கிறது. உள்ளூராட்சி சபையிடம் கேட்பதென்றால் நான் கேட்பது மூன்றுதான்: மூடியுள்ள குப்பைத் தொட்டி, கைகால் கழுவ ஒரு குழாய், கரையோர நாய்களுக்கு ஒழுங்கான தடுப்பூசியும் கருத்தடையும்.

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் வங்கியில் வேலை செய்கிற சிநேகிதி ஒருத்தி சண்டைக்கு வந்தாள். "விடியக் காலம நான் சமைப்பனா, பிள்ளையள வெளிக்கிடுத்துவனா, நாயக் கொண்டு போவனா? எனக்குப் பின்னேரம் மட்டும்தான் நேரம்." நியாயமான கேள்வி. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு விடியல் என்பது வெறுமையான நேரம் இல்லை. இருட்டிய பிறகு தனியாகக் கரைக்குப் போ என்றும் அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம்: வேலை நாட்களில் உட்துறைமுக வீதி ஓரமாகச் சங்கிலியில் நடை, கடல் குளிப்பு ஞாயிறு விடியலில் மட்டும், அதுவும் அவள் கணவர் கொண்டு போக வேண்டும். கணவரிடம் இன்னும் சொல்லவில்லையாம்.